பல்பொடி ஸ்லைடு

யுத்த காலத்தில் சினிமாக் கொட்டகைகளுக்கு விளம்பர ஸ்லைடு எழுதுவது என் தொழில். உள்ளங்கையளவு கண்ணாடியில் சாயத்தால் படம் போட்டுக் கொடுத்தால் இடைவேளையில் அது திரை முழுக்க விரியும். என் கைவண்ணத்தைப் பற்றி எனக்கு அப்போது உயர்ந்த அபிப்பிராயம்.

தியாகராய நகரில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் பல்பொடிக்கு ஸ்லைடு கேட்டார். "பல்லு பளிச்சுன்னு தெரியணும் வே. தரை டிக்கெட்டுக்காரன் வாயப் பொளந்து பாக்கணும்" என்றார்.

கண்ணாடியில் வெள்ளைக்குச் சாயம் கிடையாது. வெறுமனே விட்ட இடம்தான் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு ஏற ஏற அது பளிச்சிடும். ஆகவே நல்ல கறுத்த முகம் ஒன்று வேண்டியிருந்தது. நானே அட்டைக் கரி. ஆனாலும் என் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எனக்குப் பழக்கமான ஓர் ஆப்பிரிக்கச் சிப்பாயின் முகம்தான் வந்தது.

அவருடைய பட்டாளம் அப்போது பட்டணத்தில் தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மயிலாப்பூரில் எங்கள் மாதா கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் உட்காருவார். இருவருக்கும் புரியாத லத்தீனை இருவரும் சேர்ந்து சொல்வோம். பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா அவருக்கு மட்டும் முறுக்கை உடைத்துத் தூளாக்கிக் கொடுப்பாள். விருந்தாளிக்குச் செய்யும் செல்லம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயத்தைச் சொல்லாமல் அவரைப் பகல் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். இடைவேளையில் திரை நிறையக் கறுப்பு முகம், நடுவே முப்பத்திரண்டு வெள்ளைப் பற்கள். கொட்டகை சிரித்தது. முதலில் அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

முன்வரிசைக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "டேய், அந்த ஆளே இங்க குந்திகினு கீறாரு பாரு. அண்ணாத்தே, கொஞ்சம் பல்லக் காட்டு." குரலில் விஷம் ஏதும் இல்லை. தின்றுகொண்டிருந்த முறுக்கில் பாதியை ஒடித்து நீட்டவும் செய்தான். சிப்பாய் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும், "அது நானா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"உங்களை நினைத்துத்தான் வரைந்தேன். பெருமைப்படுத்தத்தான்" என்றேன்.

அவர் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டும் பாதியில் உடைந்திருந்தன. "சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தது. உன் அம்மா முதல் நாளே பார்த்துவிட்டார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பல்பொடிக்காரருக்கு ஏகத் திருப்தி. ஸ்லைடு மாதக்கணக்கில் ஓடியது.

அடுத்த ஞாயிறு கோயிலில் சிப்பாய் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, வேலை இருப்பதாகச் சைகை காட்டிப் போய்விட்டார்.

"அந்தப் புள்ளய என்னடா சொன்ன?" என்று சாப்பாட்டு வேளையில் அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அது உண்மைதான்.

அவருக்கென்று தூளாக்கி வைத்திருந்த முறுக்கை அம்மா என் பக்கம் நகர்த்தினாள். மென்று தின்ன அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் விழுங்க வெகுநேரம் ஆயிற்று.