பாலத்தில் ஒரு பேத்தை

அப்பா ஓய்வு பெற்றதும் தூண்டில் வாங்கினார். அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மனிதர், அதுவரை ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் இருவரும் காரில் கிளம்பி, ஆத்தூரைத் தாண்டி, தாமிரபரணி கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் பழைய பாலத்துக்குப் போவோம். பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டதால் பழையதில் வண்டிகள் போவதில்லை. தூண்டில்காரர்கள்தான் இருப்பார்கள்.

ஒரு நாள் அம்மாவும் வருகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "உயிரோட மீன் எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்றாள். இத்தனை வருடம் அவள் பார்த்ததெல்லாம் சந்தைக் கூடையில் கிடந்த மீன்கள்தான்.

அப்பா முள்ளில் இறாலைக் கோர்த்துத் தூண்டிலை அவள் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஆறு ஏன் மேற்கே ஓடுகிறது என்று அம்மா கேட்டாள். நான் குனிந்து பார்த்தேன். உண்மைதான், தூண்டிலின் மிதப்புத் தக்கை நெல்லைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. கடல் ஏறி ஆற்றுக்குள் வரும் நேரம் என்றார் பக்கத்தில் நின்ற தூண்டில்காரர்.

அப்போதுதான் தூண்டில் நரம்பு இழுத்தது. அப்பா உதவிக்கு வருமுன் அம்மாவே சுற்றித் தூக்கிவிட்டாள். கையளவு மீன், மஞ்சள் முதுகு. தரையில் விழுந்ததும் கர்கர் என்று சத்தமிட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு ஊதிப் பந்தாகிவிட்டது.

"பேத்தை. விரல வச்சிராதீங்க அக்கா, கடிச்சு எடுத்துரும்" என்றார் பக்கத்து ஆள். "தின்னாலும் ஆளக் கொன்னுரும். தூக்கி எறிங்க."

அம்மா எறியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்தாள். அது கண்ணை உருட்டி அவளைப் பார்த்தது. "பல்லப் பாருங்க, மனுசப் பல்லு மாதிரியே இருக்கு" என்றாள். அப்பா குறடால் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார்.

மீன் மூழ்கவில்லை. வெள்ளை வயிறு மேலாக மிதந்து, ஏறும் நீரோடு பாலத்துக்கு அடியில் போயிற்று. அம்மா எழுந்து மறுபக்கக் கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். நானும் ஓடினேன். வெள்ளைப் பந்து மறுபக்கம் வெளியே வந்தது. ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. செத்துவிட்டது என்று நான் நினைத்தபோது குபுக்கென்று குமிழிகள் வந்தன. பந்து சுருங்கியது, புரண்டது, காணாமல் போனது.

"போயிட்டு" என்றாள் அம்மா. எனக்கும் மூச்சு வந்தது.

திரும்பும் வழியில், அது பயத்தில் ஊதியதா கோபத்தில் ஊதியதா என்று கேட்டாள். பயத்தில்தான் என்றார் அப்பா. பயந்தது அப்படியா முறைக்கும் என்று அம்மா மடக்க, ஸ்ரீவைகுண்டம் வரை அதே பேச்சு.

அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். கஞ்சியும் மாத்திரையும் எடுத்து வைத்துவிட்டு அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"ஏலே, வண்டிய எடு. நாம ரெண்டு பேரும் போவோம்."