எண்பத்தைந்தாம் நம்பர் பிஸ்கட்

காதர்பேட்டைப் பனியன் கடையில் யாரோ பிரித்த பொட்டலத்திலிருந்து சுக்கும் கிராம்பும் மணந்ததும், ஐம்பது வயது ஆள், கையில் பனியனோடு அசையாமல் நின்றுவிட்டேன். எங்கள் லைன் வீடுகளை ஒட்டியிருந்த பேக்கரியில் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் முழுக்க இதே மணம்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த அம்மாக்கள் வீட்டிலேயே பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்து, தட்டில் அடுக்கி, சுட்டுத் தரச்சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் அம்மாவுடையது கருப்பட்டி போட்டது, பஞ்சு மாதிரி இருக்கும்.

தட்டு மாறாமலிருக்க ஓரத்துப் பிஸ்கட்டில் அடையாளம் கீறுவது என் பொறுப்பு. அந்த வருடம் அப்பாவின் பனியன் அளவைக் கீறினேன்: 85. லைனில் பாதி அப்பாக்களுக்கு அதே அளவு என்பது என் அறிவுக்கு எட்டவில்லை.

"ஏங்கண்ணு, மூணு தட்டுல எம்பத்தஞ்சுன்னு இருக்குது, உன்றது எது?" என்றார் பேக்கரிக்காரர். தைரியமாக ஒன்றைக் காட்டினேன். வீட்டில் கடித்தால், கல்.

"விடுல, அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சுட்டுத் தாரேன்" என்று அம்மா சிரித்தாள்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை. பேக்கரி இருந்த இடத்தில் இப்போது குடோன். அம்மா கடைசியாகப் பிசைந்ததைத் தின்ற பிள்ளைகள் இந்த ஊரில்தான் எங்கோ இருப்பார்கள். பார்த்தால், மெத்தென்று இருந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும்.