முகத்தைத் திருப்பிக்கொண்டவர்

அடையாள அணிவகுப்புக்கு எட்டுப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒரு கண்ணில் கட்டோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆறாவது ஆளைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து அந்த ஆளின் தோளில் கை வைத்தார்.

"இவன்தான்."

 ஆறாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக். குள்ள உருவம், வட்ட முகம். கூட வேலை செய்பவர்கள் 'பட்டன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இருட்டுக் குழிக்குள் தொங்கி வேலை பார்த்தவருக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. யாராவது முறைத்துப் பார்த்துக் கேள்வி கேட்டால்தான் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மருந்துக்கடையில் கொள்ளை. தடுக்கப் போன கடைக்காரரைத் திருடன் இரும்புக் கம்பியால் அடித்ததில் ஒரு கண்ணே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வண்டிகளைச் சோதித்த போலீஸ், மெக்கானிக்கின் பையில் லிஃப்ட் கதவை நெம்பும் கம்பியைக் கண்டது. அதோடு மாட்டிக்கொண்டார்.

"அந்த நேரம் நான் ஒரு ஆபீஸ் கட்டடத்துல இருந்தேங்க. ஒரு அம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க, நாப்பது நிமிஷம் பேச்சுக் குடுத்துட்டே வேலை பார்த்தேன்" என்று கெஞ்சினார். ஆனால் காவலாளி அப்போது இடத்தில் இல்லை. அவசரத்தில் இவரும் வருகை நோட்டில் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பெண்மணியோ, கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரலைத்தான் கேட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை, இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

சிறைக்குப் பார்க்க வந்த மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கதவைத் திறந்துவிட்டது நீங்கதானே? எப்படிங்க முகத்தைப் பார்க்காம இருப்பாங்க?"

"நான் திரும்பி நின்னுக்கிட்டேன்."

"ஏன்?"

"அதை விடு."

"வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்! பன்னெண்டு வருஷம் உள்ள போட்டுடுவாங்களாம்!"

அவர் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதற்குள் மகள் பள்ளிக்கூடம் முடித்து, கல்யாணமாகிப் போயே விடுவாளே. அப்போதும் சொல்லவில்லை.

விசாரணையில் அரசு வக்கீல் அதே இடத்தில் பிடித்தார். "நாப்பது நிமிஷம் உயிரைக் காப்பாத்தினவர், கதவு திறந்ததும் முகத்தை ஏன் மறைக்கணும்? அங்க இருந்தது வேற யாரோ!"

நீதிபதி கூண்டைப் பார்த்தார். "ஏம்ப்பா, நீ சொல்லு. ஏன் திரும்பி நின்னே?"

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.  "ஐயா... எழுதித் தரட்டுங்களா? நீங்க மட்டும் படிங்க."

கூண்டின் கட்டைமேல் தாளை வைத்து எழுதிக் கொடுத்தார். நீதிபதி படித்தார். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாட்சி சொல்ல வந்திருந்த அந்தப் பெண்மணியிடம் திரும்பினார். "இவர் ஏன் திரும்பி நின்னாருன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்மணி அவர். புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"பயத்துல... உள்ளேயே சிறுநீர் போயிடுச்சுங்க. வெளிய வரமாட்டேன்னு அழுதேன். 'அம்மா, இங்க யாரும் இல்ல. நான் சுவரைப் பார்த்து நிக்கிறேன், நீங்க படியிறங்கிப் போங்க'ன்னு சொன்னாரு. போகும்போது முதுகைத்தான் பார்த்தேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

நீதிபதி தாளை நிமிர்த்தி அரசு வக்கீலிடம் நீட்டினார். அதில் இருந்ததும் அதேதான். அணிவகுப்புக்கு முந்தின நாளே போலீஸ் தனக்கு மெக்கானிக்கின் போட்டோவைக் காட்டியதைக் கடைக்காரரும் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டிருந்தார். விடுதலை என்று தீர்ப்பானது.

நடைபாதையில் மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிரே சுவரோரம் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கண் இவரையே வெறித்தது. மெக்கானிக்குக்கு மறுபடி தோளில் அந்தக் கை விழுந்ததுபோல உடம்பு சிலிர்த்தது. மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"நீங்க இல்லேன்னா..." கடைக்காரரின் உதடு துடித்தது. "அப்போ அவன் வெளியிலதானே இருக்கான்? நாளைக்கு நான் எப்படிங்க கடையைத் திறப்பேன்?"

 எவ்வளவோ பேசி ஒரு பெண்ணின் பயத்தைப் போக்கியவர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.