கரும்பு ஊசும் என்று சொன்னவர்

புனேயின் ஔந்த் பகுதியில் காய்கறிக் கடை வாசலில் நின்றிருந்தபோது ஸ்டெல்லாவின் தங்கை மேரியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அக்கா காலைல போயிட்டா" என்றாள். கையிலிருந்த கொத்தமல்லிக் கட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சர்க்கரை ஆலைகளில் எங்கே சர்க்கரை வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் புனே அலுவலகம் ஒன்றில் நாங்கள் பல வருடங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் இயந்திரங்களைப் பார்ப்பேன். அவர் சாற்றைச் சோதிப்பார். புனேயிலேயே போபோடியில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவர் தமிழில் இந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்திருக்கும். கோவில்பட்டிக்காரன் என்ற மமதையில் நான் திருத்திக்கொண்டே இருப்பேன்.

போட்ட கரும்புக்கு ஏற்ற சர்க்கரை வரவில்லை என்று ஓர் ஆலை எங்களை அழைத்தது. நான் நேரே கரும்பு பிழியும் உருளைகளிடம் போனேன். ஸ்டெல்லாவோ வெளியே வெயிலில் வரிசையாக நின்ற வண்டிகளிடம் போய், எப்போது வெட்டிய கரும்பு என்று ஒவ்வொருவராக விசாரித்தார். மதியம் வந்து, "சார், இங்க ஊஸ் ஊசிப்போகுது" என்றார். மராத்தியில் கரும்புக்கு ஊஸ் என்று பெயர்.

"கரும்பு ஊசாது ஸ்டெல்லா, சாம்பார்தான் ஊசும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வெட்டி மூணு நாளாச்சு. உள்ள இருக்கற சர்க்கரை கெட்டுப்போகுது. அதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்களோ, அதையே வெச்சுக்கோங்க. மெஷின் சர்க்கரை செய்யாது சார். கரும்புல இருக்கறத எடுக்கும், பஸ், அவ்ளோதான்."

அன்றன்று அரைக்க முடிந்ததை மட்டும் வெட்டச் சொல்ல வேண்டும் என்பது அவர் யோசனை. அது நம் வேலையில்லை என்றேன். உருளைகளை மாற்றச் சொல்லி நான் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என் பெயரோடு மட்டும் அது போயிற்று.

அடுத்த பருவத்தில் அந்த ஆலைக்குப் போய்ப் பார்த்தேன். புது உருளைகள் ஓடின. சர்க்கரை கூடவில்லை. வெளியே வண்டிகள் அப்படியேதான் நின்றன. அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அலுவலகம் திரும்பியதும், "எப்படி இருக்கு சார்?" என்று கேட்டார். "ஓடுது" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். இன்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். "ஆயியே சார், உக்காருங்க" என்று ஆப்பம் கொண்டுவந்து வைப்பார். தின்றுவிட்டுச் சொல்லாமலே திரும்பிவிடுவேன். அந்தக் குரலைக் கேட்க இப்போது எப்படி ஏங்குகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வெளியே வரும்போது மேரி கேட்டாள்: "அண்ணா, 'சார் ஒரு நாள் சொல்லுவாரு, டைம் ஆகும்'னு அக்கா அடிக்கடி சொல்வா. எதைன்னு கேட்டா சிரிப்பா. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் மேரி. உன் அக்கா சொன்னது சரி, நான் எழுதியது தப்பு. தனக்குச் சரியென்று படாததில் கையெழுத்துப் போடாத அந்தப் பிடிவாதத்தை அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரு வரிக்காக அவர் இத்தனை வருடம் காத்திருந்தார் என்பதையும் நான்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.