கொளுத்தாத மெழுகுவர்த்தி

1. வாளி

என் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தது. ஊற்றியது பேச்சியம்மாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று தானாக வந்து கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

2000-க்குப் பிறகு மூன்று நான்கு வருஷம் இருக்கும். பட்டாசு வேலைக்குப் பேர்போன வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் என்னைச் சபை ஊழியத்துக்கு வைத்திருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. எட்டாவது வரை படிப்பு. பைபிள் பயிற்சி ஒரு வருஷம். சொந்த ஊர் கடற்கரை. பட்டாசை வெடித்திருக்கிறேன். அதைச் செய்கிறவர்கள் வீட்டைப் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் கிறிஸ்மஸ் வந்தால் ஊழியக்காரர் வீடு வீடாகப் போவார். வாசலில் மெழுகுவர்த்தி கொளுத்தி, அதோடு உள்ளே போய் ஜெபிப்பார். அதையேதான் நானும் செய்யப் போனேன். சாயங்காலம் ஐந்து மணி, தூறல். அவள் வீட்டு இறவாரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்று தீக்குச்சியை உரசினேன். அந்தச் சத்தத்துக்குக் கதவு திறந்தது. மெழுகுவர்த்தி பற்றியது. வாளி கவிழ்ந்தது.

"போங்க பிரதர். முதல்ல இங்கனருந்து போங்க."

கதவை அடைத்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரதரு, நீங்கதான் அடுத்தவுகளுக்கு முழுக்குக் குடுப்பீகன்னு சொன்னாக. உங்களுக்கே குடுத்துட்டாளா?" என்றார்.

நனைந்தபடியே அறைக்கு வந்தேன். நோட்டை எடுத்தேன். ஞானஸ்நானத்துக்கு எழுதியிருந்த பேச்சியம்மாள் பேரை அடித்தேன்.

2. நோட்டு

அவள் மேல் எனக்கு முன்னமே சந்தேகம்.

ஞாயிறு தவறாமல் வருவாள். கடைசியில், கதவுப் பக்கம் உட்காருவாள். கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வாள். ஒருநாள் பைபிளை வாங்கும்போது பார்த்தேன். விரல் நுனி எல்லாம் கறுப்பு. மாந்திரீகத்துக்கு மை எடுக்கிறாளோ என்று நினைத்தேன். பயிற்சியில் அப்படியெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

வீட்டு ஜெபம் வைக்க மற்றவர்கள் கூப்பிடுவார்கள். அவள் கூப்பிடவில்லை. நானே கேட்டால், "வீடு எங்க வீடு மாதிரி இருக்கு? வேப்பமரத்தடியில வச்சுக்கிடுவோம்" என்பாள். ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்லை. அடுப்பு வெளியில். மழை பெய்தாலும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியில்தான் சமைப்பாள். உள்ளே எதையோ மறைக்கிறாள் என்று முடிவு செய்தேன். சாமி படமாக இருக்கும், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, யார் என்ன வேலை. ஜெபிக்க வசதியாக எழுதி வைப்பேன். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"அதுல என்ன பிரதர் அம்புட்டு எழுதுறீக?"

"ஜெபக் குறிப்பு அக்கா."

"சாமிக்கு எங்க வயசு தெரியாதாக்கும்?"

குதர்க்கம் பேசுகிறாள் என்று அதையும் குறித்து வைத்தேன்.

சாத்தூரிலிருந்து போதகர் வருவார். ஞானஸ்நானம் கொடுப்பவர் அவர். "வீட்டுக்குள்ள ஜெபிக்க விடாதவ என்னடா விசுவாசி? கிறிஸ்மஸுக்குக் குடுக்குற சேலைக்கு வாராளோ என்னவோ. உள்ள போய்ப் பாத்துட்டு எழுது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் மெழுகுவர்த்தியோடு போனேன். ஜெபிக்கப் போனேன் என்று அன்றைக்கு நினைத்தேன். போனது வேவு பார்க்க.

3. திரி

மறுநாள் காலை அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"என் பேரை அடிச்சிட்டீகளா?"

"அடிச்சிட்டேன்."

தெருவில் ஆள் வருகிறதா என்று பார்த்தாள்.

"நோட்டை மூடி வைங்க. சொல்றேன்."

மூடினேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். விரல் நீளத்துக்கு ஒரு திரி. கறுப்பாக இருந்தது. பட்டாசில் பற்ற வைக்கிற திரி.

"வீடு பூரா இதுதான். கம்பெனியில முடிக்க முடியாத வேலைய ஏஜென்ட்டு வீட்டுக்குக் குடுக்கான். வீட்டுல வைக்கக் கூடாது, தெரியும். மழைக்கு எங்கன காயப்போட? கயித்துல கட்டி உள்ளதான் தொங்குது. நீங்க தீயோட உள்ள வந்திருந்தா நீங்க, நான், பக்கத்து வீட்டுப் பச்சப்பிள்ளக்காரி, ஒருத்தரும் மிச்சமில்ல."

அவள் விரல் நுனியைப் பார்த்தேன். மையில்லை, வெடிமருந்து. பிறகு கேட்டேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா?"

"எப்படிச் சொல்ல? வயசு கேக்கீக, வேலை கேக்கீக, எழுதுறீக. சர்வே ஆபீசர்தான் பைபிளத் தூக்கிட்டு வந்திருக்காருன்னு தெருவே பேசுது. புடிச்சுக் குடுத்துட்டா என் சோத்துக்கு என்ன வழி?"

"அப்புறம் ஏன் ஞாயிறு தவறாம வந்தீக?"

"உங்களப் பாக்கவா வந்தேன்?"

நான் நோட்டைத் திறந்தேன். அடித்த பேருக்குக் கீழே மறுபடி அவள் பேரை எழுதினேன். பேரை மட்டும். மற்ற பக்கங்களை அவள் முன்னாலேயே கிழித்து வாளியில் ஊறப் போட்டேன். கொளுத்தவில்லை.

4. போதகர் கேட்டது

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை போதகர் வந்தார்.

"அவ வீட்டைப் பாத்தியா?"

"உள்ளே போகலை ஐயா."

"எதையோ மறைக்காளா?"

"ஆமா. சாமி படம் இல்லை. பிழைப்பு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அன்றிலிருந்து அவர் சந்தேகம் என் மேல். ஆனாலும் ஞானஸ்நானம் கொடுக்கக் கண்மாயில் இறங்கினார். தண்ணீரிலிருந்து எழுந்தபோது பேச்சியம்மாள் விரல் அப்படியே கறுப்பாகத்தான் இருந்தது. அந்தக் கறுப்பு லேசில் போகாது.

சாயங்கால ஆராதனையில் எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி கொடுத்தேன். ஒன்றையும் கொளுத்தவில்லை. யார் துணியில் மருந்து ஒட்டியிருக்கிறதோ, தெரியாது. பாடினோம். இருட்டும் முன்னே முடித்துக்கொண்டோம்.

அந்த ஊரில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். அந்தத் திரி வேலையை விட்டுவிடும்படி அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "வேற வேலை கொண்டாங்க, விடுறேன்" என்றாள். என்னிடம் இல்லை. அவள் வீட்டுக்குள் ஒருதரம்கூட நான் போகவில்லை. மாற்றலாகிப் போகும்போது கேட்டேன், இன்னுமா என் மேல் சந்தேகம் என்று.

"உங்க மேல உண்டு பிரதர். சாமி மேலதான் இல்ல" என்று சிரித்தாள்.

நான் அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்திருந்தேன். என்னை நம்பினால்தான் விசுவாசி என்று பேர் எழுதிக்கொண்டிருந்தேன்.

புதிதாக ஊழியத்துக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பையில் தீப்பெட்டி இருந்தால் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நோட்டு வேண்டாம். கதவைத் தட்டுங்கள். மரத்தடி என்று சொன்னால், மரத்தடியில் உட்காருங்கள்.