அண்ணனின் கடிதங்களும் என் கணவரின் கட்டுரைகளும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முன் பக்கங்களில் அண்ணனின் எளிமை, உழைப்பு, பொறுமை பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எளிமையும் உழைப்பும் உண்மை. பொறுமையைப் பற்றி மட்டும் எனக்கு வேறு செய்தி தெரியும். அண்ணன் பொறுத்துக்கொண்டார் என்று நீங்கள் நினைத்த வருடங்களில் அவர் பழிவாங்கிக்கொண்டிருந்தார். அதை முடித்துவைக்கும் வேலையை என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே தெருவில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தாம் வகுப்பில் அண்ணன் பள்ளியிலேயே முதலாவதாகத் தேறிய வருடம் அப்பா இறந்தார். "நீ படி பாப்பா, நான் அப்புறமாப் படிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எர்ணாகுளத்துக்கு ஓட்டல் வேலைக்குப் போனார். அங்கிருந்து விஜயவாடாவில் ஒரு லாரி ஆபீஸ். அதன் பிறகு நாக்பூரில் ஒரு பழ மண்டி. போன ஊரிலெல்லாம் முதலில் கடைப் பலகைகளைப் படித்தார். பிறகு பொட்டலம் மடித்த காகிதங்கள். அப்புறம் நடைபாதைப் பழைய புத்தகங்கள். மலையாளமும் தெலுங்கும் இந்தியும் அப்படித்தான் வந்தன. ஆங்கிலத்தை அகராதியை வைத்துக்கொண்டு சண்டை போட்டுப் பிடித்தார். உருது, ஊர் திரும்பிய பிறகு வந்தது. அதிராம்பட்டினத்தில் துணிக்கடை வைத்திருந்த நண்பருக்கு அண்ணன் மலையாளம் சொல்லிக்கொடுத்தார்; பதிலுக்கு அவர் உருது சொல்லிக்கொடுத்தார்.

கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை கிடைத்து, ஓய்வு பெறும்வரை அதிலேயே இருந்தார். சைக்கிள் கேரியரில் ஊசிப் பெட்டி, அதன்மேல் ஒரு புத்தகம். மாடு கன்று போடக் காத்திருக்கும் நேரத்தில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து படிப்பார். அண்ணிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் அண்ணன் படித்த கதை எல்லாம் அண்ணிக்குத் தெரியும். சாப்பிடும்போது சொல்லுவார். அண்ணியும் தீர்ப்புச் சொல்லுவார்: "அந்த மலையாளத்துக்காரி கதை நல்லாருந்துச்சு. இந்த இந்திக்காரன் கதையில எல்லாரும் பேசிக்கிட்டே இருக்காங்க, ஒருத்தன்கூட சோறு திங்கல."

அண்ணன் அனுப்பிய பணத்தில் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் தமிழ் விரிவுரையாளருக்கு வாழ்க்கைப்பட்டேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரி ஆசிரியர் வீட்டுக்குப் போன முதல் பெண் நான் என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கல்யாணமான மாதத்திலிருந்து எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். நலம் விசாரிப்பு இரண்டு வரி இருக்கும். மீதி முழுக்கப் புத்தகம்.

ஒரு துப்பறியும் நாவலைப் பற்றி: "கொலைகாரன் யாரென்று எட்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. செத்தவளுக்காக யாராவது அழுவார்களா என்று பார்க்கத்தான் கடைசிவரை படித்தேன். யாரும் அழவில்லை." ஒரு மலையாளச் சமையல் புத்தகத்தைப் பற்றி: "இந்த அம்மாள் மீன் சாப்பிட்டிருக்கிறார், கழுவியதில்லை. செதிலைப் பற்றி ஒரு வரி இல்லை." ஓர் அதிகாரி இந்தியில் எழுதிய தன்வரலாற்றைப் பற்றி: "நானூறு பக்கத்தில் ஐயா ஒரு தவறும் செய்யவில்லை. மனைவி மூன்று இடத்தில் வருகிறார். மூன்றிலும் டீ கொண்டுவருகிறார்." ஆங்கிலத்தில் ஒரு சுயமுன்னேற்ற நூல்: "விடிவதற்கு முன் எழுந்தால் வாழ்க்கையில் உயரலாமாம். நம் தெருவில் நாற்றுப் பறிக்கப் போகும் பெண்கள் எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு உயர்ந்தார்கள் என்று ஆசிரியர் வந்து பார்க்கட்டும்."

பாராட்டவும் தெரியும். ஓர் உருதுக் கவிதைத் தொகுப்பைப் பற்றி, "நான்கு வரிதான். படித்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்தேன், ஏறத் தோன்றவில்லை" என்று எழுதினார். மாட்டுப் பிரசவம் பற்றிய கைநூல் ஒன்றைத்தான் தனக்குத் தெரிந்த மிக நேர்மையான உரைநடை என்பார். "தப்பாக எழுதினால் கன்று செத்துவிடும் என்ற பயம் இதை எழுதியவருக்கு இருந்திருக்கிறது. கதை எழுதுகிறவர்களுக்கும் அந்தப் பயம் வேண்டும்."

இந்தக் கடிதங்களை என் கணவரிடம் கொடுத்தவள் நான்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் அண்ணனை "மாட்டாஸ்பத்திரிக்காரர்" என்று சொல்லிச் சிரிப்பார். என் அண்ணன் யார் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரோஷம். படித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அதன் பிறகு தபால் வந்ததும் எனக்கு முன்னால் அவர் பிரித்துப் படித்தார்.

மூன்று வருடம் கழித்து, ஓர் இலக்கியப் பத்திரிகை எங்கள் வீட்டு மேசைமேல் கிடந்தது. என் கணவர் பெயரில் ஒரு கட்டுரை. புரட்டினேன். நாற்றுப் பறிக்கப் போகும் பெண்கள் அதில் இருந்தார்கள். ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். மீன் செதில், டீ கொண்டுவரும் மனைவி, அழ ஆளில்லாத பிணம், எல்லாம் அவர் பெயரில்.

"இது எங்க அண்ணன் எழுதுனதுங்க" என்றேன்.

"குடும்பத்துக்குள்ள என்ன ஒங்க அண்ணன், எங்க அண்ணன்னு? மச்சான் பேரப் போட்டு அனுப்புனா எந்தப் பத்திரிகைக்காரன் பிரிச்சுப் பாப்பான்? என் பேரு இருக்கதாலதான் நாலு பேரு படிக்கிறான். நியாயமாப் பாத்தா அவரு எனக்கு நன்றி சொல்லணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் மகள் அப்போது கைக்குழந்தை. அண்ணனிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஈனமான காரியம் அதுதான். இதைப் படிக்கும் யாரும் அதற்காக எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம்.

கட்டுரைகள் புத்தகமாயின. தஞ்சாவூரில் வெளியீட்டு விழா. மாப்பிள்ளையின் முதல் புத்தகம் என்று அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மேடையில் பேசியவர்கள் ஒவ்வொருவரும் புத்தகத்திலிருந்து ஒரு வரியைப் படித்துக் கைதட்டு வாங்கினார்கள். அண்ணன் தன் வரிகளை ஒவ்வொன்றாக மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் என் கணவர் எழுந்தார். "என் மச்சான் ஒருவர் வந்திருக்கிறார். மாட்டுக்கு ஊசி போடுகிறவர். அவருக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறேன்" என்றார். அரங்கம் சிரித்தது. அண்ணனைப் பார்த்துச் சிரித்தது.

அண்ணன் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில்தான் பிடிக்க முடிந்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா பாப்பா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தன வருஷமா?"

"ரெண்டு வருஷமாண்ணே."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒரத்தநாட்டுப் பேருந்து வந்து நின்றது. படியில் கால் வைத்துக்கொண்டு சொன்னார்: "கடுதாசிய நிறுத்தமாட்டேன். நீயும் எதையும் ஒளிக்காத. எப்பவும் வைக்கிற எடத்துலயே வையி." அவர் குரல் அவ்வளவு நிதானமாக இருந்து நான் கேட்டதில்லை.

ஆறு மாதம் வழக்கம்போலக் கடிதங்கள் வந்தன. பிறகு ஒரு தெலுங்கு நாவலைப் பற்றி எழுத ஆரம்பித்தார். ஏழு கடிதங்கள், வாரம் ஒன்றாக. தமிழில் "ஏழாம் மதகு" என்று சொல்லலாம் என்று எழுதியிருந்தார். கிருஷ்ணா ஆற்றுக் கால்வாய் ஒன்றில் மதகு திறந்து மூடுகிறாள் ஒரு பெண். வேலை அவளுடையது, பெயர் அவள் கொழுந்தனுடையது. அவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். வெள்ளத்தில் அவள் விடிய விடிய நின்று ஊரைக் காப்பாற்றுகிறாள். குடியரசு நாள் விழாவில் பதக்கம் வாங்குகிறவன் கொழுந்தன். அவள் கூட்டத்தில் நின்று கைதட்டுகிறாள். படித்துவிட்டு நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

என் கணவர் அழவில்லை, எழுதினார். முப்பது பக்கக் கட்டுரை. தெலுங்கு மூலத்திலேயே படித்ததாக எழுதினார். திருப்பதிக்குப் போயிருந்தபோது பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் அண்ணனைக் கூப்பிட்டவர் அவர். "இந்தச் சுரண்டலைப் படித்து மூன்று நாள் நான் உறங்கவில்லை" என்றும் எழுதினார். நன்றாகத்தான் உறங்கினார், குறட்டை எனக்குத்தான் தெரியும். கூட்டங்களில் அதைப் பற்றியே பேசினார். போகப் போக, விஜயவாடாவில் அந்த நாவலாசிரியரைப் பார்த்ததாகவும், இருவரும் சேர்ந்து அழுததாகவும் சொன்னார். அந்தக் கட்டுரை அவருடைய இரண்டாவது புத்தகத்துக்குத் தலைப்பானது. புத்தகத்துக்கு ஒரு விருதும் கிடைத்தது.

விருது வந்த வாரம் ஊருக்குப் போனேன். அண்ணன் தன் குத்தகை வயலில் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் புத்தகத்தக் குடுங்கண்ணே. தெலுங்கு தெரியாட்டியும் அட்டையையாச்சும் பாத்துக்கிறேன்" என்றேன்.

மண்வெட்டியைக் கரையில் சாத்தினார். "அப்புடி ஒரு புத்தகமே இல்ல பாப்பா."

எனக்குப் புரியவில்லை.

"நான்தான் கட்டுனேன். காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்துக் கெடந்தப்ப. அவருக்காகவே கட்டுனது. அந்தக் கொழுந்தன் யாருன்னாவது அவருக்கு ஒறைக்குமான்னு பாத்தேன். ஒறைக்கல." ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். "இப்ப நாலு பேரு முன்னாடி போயி, எந்தப் பதிப்பகம்னு நான் கேட்டாப் போதும். ஆனா ஒனக்கு ஒரு பொண்ணு இருக்கு. அவ கல்யாணம் காட்சியெல்லாம் இருக்கு. அதனால நான் கேக்கமாட்டேன். என்னைக்கு ஒனக்குத் தோணுதோ அன்னைக்கு நீ சொல்லு. தோணலன்னா விட்டுரு."

அன்றே ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். பல வருடம் அந்தத் தாள் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வெளிநாடு போன பிறகும் இருந்தது. பயம் பழகிப்போயிருந்தது.

சென்ற வருடம் அண்ணன் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் படுத்திருந்தபோது என் கணவர் ஒரே ஒரு முறை பார்க்க வந்தார். அந்த விருது வாங்கிய புத்தகத்தில் "என் எளிய வாசகருக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தார். அவர் படித்த கடைசிப் புத்தகம் அது. கடைசியாகச் சொன்ன கருத்தும் அதைப் பற்றித்தான்: "மொத நூறு பக்கம் நல்லாருக்கு. அதுக்கப்புறம் அவரே எழுதியிருக்காரு."

இரண்டு நாளில் போய்விட்டார்.

நான் தொகுத்த இந்த மலருக்கு என் கணவரும் ஒரு கட்டுரை தந்திருக்கிறார். எனக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது. அண்ணனுக்கு நல்ல புத்தகங்களை அறிமுகப்படுத்தி வாசிப்பில் வழிகாட்டியது தாம்தான் என்று எழுதியிருக்கிறார். அதை நான் நீக்கவில்லை. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தினேன்.

அதைப் படித்த அன்று அண்ணியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, "போடலாமா அண்ணி?" என்று கேட்டேன். அண்ணிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"போடு. இத்தன வருஷமா ஒங்க அண்ணன் பல்லக் கடிச்ச சத்தம் எனக்குத்தான கேட்டுச்சு."

மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "மாமா பேரு எங்கயாவது வரணும்மா" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். "ஏழாம் மதகு" என்ற தெலுங்கு நாவல் உலகத்தில் இல்லை. அதை எழுதியவர் என்று ஒருவர் விஜயவாடாவிலும் இல்லை. அண்ணனின் கடிதங்கள் தபால் முத்திரையோடும், அவர் எழுதிக் கொடுத்த தாள் கையெழுத்தோடும் என்னிடம் இருக்கின்றன. சிலவற்றை அடுத்த பக்கங்களில் அப்படியே அச்சிட்டிருக்கிறேன். அவற்றின் பிரதிகளை விருது கொடுத்தவர்களுக்கும், புத்தகம் போட்ட பதிப்பகத்துக்கும், அவர் வேலை பார்த்த கல்லூரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இன்று இந்த மலரை வெளியிடுபவர் என் கணவர். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. அச்சுக்குப் போகும் முன் அட்டையையும் தன் கட்டுரையையும் மட்டும் பார்த்தார். அடுத்தவர் எழுத்தைத் தன் பெயரில் போட்டுக்கொள்ள முடியும் என்றால்தான் அவர் படிப்பார். இதை நம்பித்தான் எழுதினேன்.

அண்ணனைக் கடைசி மாதங்களில் தூக்கி உட்காரவைத்த செவிலியருக்கும், பார்வை மங்கிய பிறகு வாரம் ஒரு முறை அதிராம்பட்டினத்திலிருந்து பேருந்தில் வந்து உருதுக் கவிதை படித்துக் காட்டிய நண்பருக்கும், சம்பா அறுப்பை விட்டுவிட்டு இறுதிச் சடங்குக்கு வந்து நின்ற தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தி ஒரு மணிக்கு. நடப்பது எனக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். யாரும் முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடாமல் போய்விட வேண்டாம்.

நான் தஞ்சாவூருக்குத் திரும்பப் போவதில்லை. என் துணிமணிகளை முன்பே கொண்டுவந்துவிட்டேன். வாசல் பக்கத்து அறையை அண்ணி எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். என்னைப் பார்க்க நினைப்பவர்கள் இனி இங்கே வரலாம்.