லோடோடு ஒரு ட்ரையல்

என் மச்சானுக்கு எதையும் மாற்றிவிட வேண்டும். கடிகாரம் நின்றால் வேறு கடிகாரம், செருப்பு வார் அறுந்தால் வேறு செருப்பு. நான் நேர் எதிர். என்னிடம் வந்த பொருள் லேசில் என்னை விட்டுப் போக முடியாது; கட்டுக்கம்பி போட்டாவது நிறுத்தி வைப்பேன். இப்படி இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து பழைய லாரி வாங்கினால் என்ன ஆகும் என்று வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் தம்பியாயிற்றே என்று கேட்காமல் விட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ரோடுகளை மறித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காலையில் போன வழி மாலையில் இருக்காது. அப்படி ஒரு நாள் வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கிழங்கு ஒரு மலைக்கார அம்மாவுடையது. சரிவு நிலத்தில் வருஷம் பூராவும் அவர் பாடுபட்டதெல்லாம் எங்கள் லாரியில் இருந்தது. பிடுங்கிய கிழங்கை நாள் கடத்தினால் உள்ளே கருத்துவிடும். கருத்ததை ஜவ்வரிசி மில்லில் தொடமாட்டார்கள். அதனால் எங்களை நம்பி அனுப்பாமல் அவரும் கூடவே வந்துவிட்டார். எங்களைப் பார்த்தவர்கள் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி ரோட்டில் பெரிய புளியங்கிளை ஒன்று குறுக்கே கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள். கிளைக்கு அந்தப் பக்கம் மில்லின் கூரை கண்ணுக்குத் தெரிந்தது. இறங்கிப்போய்க் கெஞ்சினேன். தலையில் துண்டு கட்டியிருந்தவர்தான் அங்கே பொறுப்பு.

"நாளைக்கி சாயந்தரம் வரைக்கும் ஒரு வண்டியும் போவாதுங்க. நாங்களும் வேலவெட்டிய வுட்டுட்டுத்தான் குந்திகினு இருக்கறோம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்தால் இடது பின்சக்கரத்தில் காற்று இல்லை. சும்மாதானே நிற்கிறோம், மாற்றிவிடு என்று மச்சானிடம் சொல்லிவிட்டு நிழலில் கண்ணை மூடினேன். என் கெட்ட நேரம் அது.

எங்கள் லாரியில் இடது பக்கச் சக்கரத்துப் போல்ட்டுகளுக்கு மரை தலைகீழாக இருக்கும். வலது பக்கம் இறுகுகிற திசையில் இங்கே கழலும். ஆனால் நட்டுகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மச்சான் கழற்றிய நட்டுகளில் சிலவற்றை மண்ணில் தொலைத்துவிட்டு, டப்பாவில் கிடந்த வலது பக்கத்து நட்டுகளை எடுத்து மாட்டியிருக்கிறான். ஏறவில்லை. ஏறாவிட்டால் மனுஷன் யோசிப்பான். இவன் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். கிரீச்சென்ற சத்தத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

"மரை வழுக்கிட்ச்சி மாமா. போல்ட்டு நிக்கிற ஹப்பே பழசுதான, ஹப்பயே மாத்திடலாம்."

"எங்கடா போய் மாத்துவ? கடை எல்லாம் பூட்டிக் கெடக்குது."

"நாளன்னிக்கி தொறப்பாங்க."

"போல்ட்டு முனை கெட்டதுக்கு ஹப்ப மாத்துவானாடா ஒருத்தன்? ஒனக்குத்தான்டா மரை கழண்டுபோச்சி."

நாங்கள் இப்படி அடித்துக்கொண்டிருக்க, அந்த அம்மா லாரியின் பலகைமேல் ஒரு கையை வைத்தபடி நின்றார். லாரி இங்கே நின்றதிலிருந்து அந்தக் கையை அவர் எடுக்கவேயில்லை. "கெழங்கு நாளைக்கி வரைக்கும் தாங்குமா தம்பி?" என்று கேட்டார். தாங்காது என்று அவருக்கே தெரியும்.

சத்தம் கேட்டுக் கிளையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கள்ளக்குறிச்சியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். எனக்கு முகப்பழக்கம் உண்டு.

"பீச்சாங்கை பக்கத்துல சோத்தாங்கை பக்கத்து நட்ட எவன்யா மாட்னது?" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள், "பட்டறைய தொறக்கமாட்டேன், கேக்காத. எம் பொண்ணு காலேஜு படிக்கணும்னுதான் இங்க வந்து குந்திகினு இருக்கறேன்" என்றார்.

சொல்லிக்கொண்டே அவர் விரல் கெட்ட மரையைத் தடவிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அரம் வச்சிருக்கியா?" என்றார்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டையும் தட்டி, ஆட்டிப் பார்த்தார். "ஹப்புல ஓட்ட அகண்டு போல்ட்டு ஆடிச்சின்னா நானே மாத்துன்னு சொல்லியிருப்பேன். இது முனையிலதான் செத்துகீது" என்றார். முதல் பாதிக்கு மச்சான் முகம் மலர்ந்தது, இரண்டாம் பாதிக்கு என்னுடையது. முனைகளை அரத்தால் ராவினார். நல்ல இடது நட்டு ஒன்றில் ஆக்சா பிளேடால் பள்ளம் அறுத்து, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி மரையை மறுபடி எடுத்தார். மச்சானை மண்ணைச் சலிக்க விட்டுத் தொலைந்த நட்டுகளையும் மீட்டார். சக்கரம் உட்கார்ந்தது. எல்லாம் சரி, கிளை மட்டும் அப்படியே கிடந்தது.

லேத்துக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு துண்டுக்காரரிடம் போனார்.

"மரை எடுத்தா வண்டிய ஓட்டிப் பாத்து, நட்ட திரும்ப முடுக்கணும். இல்லாங்காட்டி பாதியில சக்கரம் கழண்டுக்கும். பழி எம்மேல வரும். கிளய கொஞ்சம் இழுங்க, ஒரு ட்ரையல்."

"ட்ரையலுக்கு லோடு எதுக்குங்க? எறக்கி வச்சிட்டு ஓட்டட்டும்."

"லோடு இல்லாம பாத்தா அது ட்ரையலா?"

"சரி, பின்பக்கமா ஓட்டட்டும்."

"அது ரிவர்சு. மரைக்கு ஆவாது."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துண்டுக்காரருக்கும் தெரிந்திருக்காது. அவர் லேத்துக்காரரைப் பார்த்தார், பிறகு லாரிப் பலகைமேல் இருந்த அந்தக் கையைப் பார்த்தார். "எவ்ளோ தூரம்?" என்றார்.

"நட்டு உக்கார்ற வரைக்கும்."

கிளையை இழுத்தார்கள். லேத்துக்காரர் முன்னால் ஏறிக்கொண்டு, "போ, போ, இன்னும் உக்காரல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மில் வாசல் வந்ததும், "நிறுத்து" என்றார்.

மில்காரர் ஒரு கிழங்கை எடுத்து ஒடித்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த அம்மா பலகையிலிருந்து கையை எடுத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. மச்சான் பார்த்துவிடக் கூடாதென்று சக்கரத்தின் பக்கம் போனேன். அங்கே லேத்துக்காரர் ஸ்பேனரைப் போட்டு நட்டுகளை முடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூட இம்மி அசையவில்லை.

"அப்ப ட்ரையலே தேவப்படலியா?" என்றான் மச்சான்.

"கம்முனு இரு" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தே திரும்பிப் போனார்.

லோடை இறக்கினோம்; அந்த அம்மா பணம் வாங்க மில்லிலேயே தங்கிவிட, ஊர் திரும்பலாம் என்று காலி லாரியோடு வந்தோம். கிளை பழைய இடத்தில் கிடந்தது. நடுவில் லேத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தேன். அவர் நகரவில்லை.

"நாளைக்கி சாயந்தரம்" என்றார். "லோடுதான் எறங்கிட்ச்சே, இனிமே இன்னா அவசரம்?"

இன்ஜினை அணைத்துவிட்டு நானும் மச்சானும் இறங்கினோம். அவர் சற்றுத் தள்ளி இடம் விட்டார். கிளைமேல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்.